ஓடுகிற மிக்ஸியைப் பிரித்த கிரிவலம்

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், பிறகு கமெண்டில் கேட்டு என் மானத்தை வாங்காதீர்கள். இந்த முறை நான் திருவண்ணாமலைக்குப் போனது சாமிக்காக இல்லை. பொறாமையில் போனேன். வீட்டில் மட்டும் கிரிவலம் என்று சொல்லி வைத்தேன். என் வீட்டுக்காரர் பையைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மே, கிரிவலத்துக்கு ஸ்க்ரூ டிரைவர் இன்னாத்துக்கு? சாமிக்கு ஃபியூஸ் போயிடுச்சா?" என்று கேட்டார். பதில் சொன்னால் பேச்சு வளரும், பஸ் போய்விடும். செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

புதிதாகப் படிக்க வந்தவர்களுக்காக: என் பெயர் அம்சா. போளூரில் மிக்ஸி, கிரைண்டர், தண்ணி மோட்டார் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். மோட்டாருக்குக் காயில் கட்டுவதில் என் கையை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. இதை நானே சொல்கிறேன், வேறு யாரும் சொல்லாததால். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆறாவதில் என்ன சொல்லிக் கொடுப்பார்கள் என்று இன்றுவரை தெரியாது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு. எங்காவது பஸ் ஏறிப் போய்வந்து போனிடம் வாயால் சொல்வேன், அது எழுதிக்கொள்ளும். எழுத்துப் பிழை இருந்தால் போனைத் திட்டுங்கள்.

பொறாமை யார் மேல் என்று சொல்ல வேண்டும் அல்லவா? எங்கள் பக்கத்து மெக்கானிக்குகளுக்கு ஒரு சங்கம் இருக்கிறது. மண்டபம் நிறைய ஆண்கள், நடுவில் நான் ஒருத்தி. பல வருடம் அப்படித்தான். ஆண்டு விழா என்றால் "அம்சாக்கா வாங்க, நீங்கதான் நம்ம சங்கத்துக்கு மகாலட்சுமி" என்று கூப்பிட்டுக் குத்துவிளக்கு ஏற்றச் சொல்வார்கள். போட்டோவில் முன்வரிசையில் நடு நாற்காலி எனக்கு. டூர் போனால் டிரைவருக்குப் பின்னால் இரண்டு பேர் உட்காரும் சீட்டில் நான் மட்டும். மரியாதையாம். பக்கத்தில் யாரும் உட்கார மாட்டார்கள். நான் என் டிபன் பாக்ஸை உட்கார வைப்பேன். ஆனாலும் கர்வமாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

அப்புறம் ஒவ்வொருத்தியாகப் பெண்கள் வர ஆரம்பித்தார்கள். ஐ.டி.ஐ படித்த பெண்கள், புருஷன் கடையில் நின்று வேலை கற்றவர்கள். இப்போது என்னை விட்டு எட்டுப் பேர். அவர்களில் நித்யா என்று ஒருத்தி, முப்பது வயது இருக்கும், திருவண்ணாமலையில் எலக்ட்ரீஷியன். அவள்தான் பெண்களுக்கென்று தனியாக ஒரு குரூப் ஆரம்பித்தாள். பெயர் 'சீரிஸ் பல்பு'. எங்கள் தொழிலில், ரிப்பேர் பார்த்த சாமானை நேராகக் கரண்டில் போடாமல், நடுவில் ஒரு குண்டு பல்பு வழியாக ஓட்டிப் பார்ப்போம். உள்ளே தப்பு இருந்தால் பல்பு எரிந்து காட்டிக்கொடுக்கும், சாமான் எரியாது. தப்புப் பண்ணினாலும் புகை வராத ஒரு இடம் வேண்டும் என்று அந்தப் பெயர் வைத்தார்களாம். கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. இருபது வருடமாக அதே பல்பை மாட்டி வேலை பார்க்கிறேன், எனக்கு அந்தப் பெயர் தோன்றவில்லையே!

இரண்டு வருடம் முன்பு நித்யா என்னையும் கூப்பிட்டாள். நான்தான் பெருமையாக, "எனக்கு எதுக்கும்மா தனி குரூப்பு? நான் ஆம்பளைங்களோட சரிக்குச் சமமா உக்காந்தவ" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு அவள் கூப்பிடவில்லை. ஒரு பேச்சுக்காவது இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம். இந்தக் காலத்துப் பெண்கள் ஒரு தடவை சொன்னால் அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

போன ஆண்டு விழாவில் நடந்ததுதான் உச்சம். தலைவர் மைக்கில், "இந்த வருஷம் விளக்கை நித்யா ஏத்துவாங்க" என்றார். பாதி எழுந்திருந்த நான் மறுபடி உட்கார்ந்தேன். நித்யா எழுந்து நின்று, "நான் விளக்கு ஏத்த வரலைங்க. சர்வீஸ் சார்ஜ் பத்திப் பேச வந்தேன்" என்றாள். என்னிடமிருந்து பறித்தது போதாதென்று, பறித்ததை வேண்டாம் என்றும் சொல்கிறாள் பாருங்கள். நான் ஓடிப்போய் ஏற்றினேன். கூட்டம் முழுக்க நித்யாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது.

அந்தப் பெண்கள் மாதம் ஒரு முறை, பௌர்ணமிக்கு முந்தின ஞாயிறு, கிரிவலம் நடக்கிறார்கள். பாதி வழியில் அடி அண்ணாமலையில் உட்கார்ந்து, பாதையோரக் கடைக்காரர்களின் மிக்ஸி, டேபிள் ஃபேன், லைட் எல்லாம் பழுது பார்த்துக் கொடுக்கிறார்கள். பௌர்ணமிக் கூட்டத்தில் ஜூஸ் கடை மிக்ஸி நின்றால் அந்த மாத வியாபாரமே போச்சு இல்லையா, அதனால். இந்தச் செய்தியும் போட்டோவும் சங்கத்தின் வாட்ஸ்அப்பில் வந்தது. போட்டோவில் எட்டுப் பேரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். எதற்கு என்று தெரியாமல் எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. சரி, மூன்று வேளை சாப்பிட்டேன், ஆனால் ருசியாக இல்லை.

அதனால் என் திட்டம் இது: எனக்கு அந்தக் குரூப்பில் சேர வேண்டும். ஆனால் வாய்விட்டுக் கேட்க மாட்டேன். தற்செயலாக அங்கே இருப்பதுபோல் இருப்பேன். அவர்களாகப் பார்த்து, "அக்கா வாங்கக்கா" என்று கெஞ்ச வேண்டும். நான் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சம்மதிப்பேன்.

தை மாத ஞாயிறு. போளூரில் காலை ஆறு பத்துக்கு பஸ். டிக்கெட் முப்பத்திரண்டு ரூபாய், தூரம் ஏறக்குறைய முப்பத்தைந்து கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. இடது பக்க ஜன்னலில் உட்காராதீர்கள், வெயில் முகத்தில் அடிக்கும். வலது பக்கம் உட்கார்ந்தால் ஊர் நெருங்கும்போது மலை கொஞ்சம் கொஞ்சமாகப் பெரிதாகிக்கொண்டு வருவதையும் பார்க்கலாம். அன்றைக்கு நான் பார்க்கவில்லை. "அடடே, நித்யா, நீ எங்க இங்க?" என்று எந்தக் குரலில் கேட்பது என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் ஆறு மணிக்கே கோயில் வாசலில் இருந்து நடக்க ஆரம்பித்திருப்பார்கள். நான் நடந்தால் பிடிக்க முடியாது. ஒரு ஆட்டோ பிடித்தேன். அடி அண்ணாமலைக்கு நூற்றெண்பது ரூபாய் என்றார் டிரைவர், நூற்றைம்பதுக்கு ஒத்துக்கொண்டார். கிரிவலம் முழுவதும் பதினான்கு கிலோமீட்டர். ஆட்டோவில் முழுச் சுற்று வர நானூறு, நானூற்றைம்பது கேட்கிறார்கள். முடியாதவர்களுக்கு அது நல்ல வழிதான். எனக்கு முடியும், அதுதான் வெட்கம்.

செங்கம் ரோட்டில் ரமணாசிரமம் தாண்டும்போது பாதி ரோடு வெள்ளைக்காரர்கள், தோளில் துணிப்பை, கையில் தண்ணி பாட்டில். அந்தப் பக்கத்து கெஸ்ட் ஹவுஸ்களில் கரண்ட் வேலை என்றால் நித்யாவைத்தான் கூப்பிடுகிறார்கள். தனியாகத் தங்கியிருக்கும் பெண்கள், ரூமுக்குள் கீசர் பார்க்க ஒரு பெண் வந்தால் நிம்மதி என்கிறார்களாம். கை போதாமல் வேலையை மற்ற ஏழு பேருக்கும் பிரித்துக் கொடுக்கிறாள் என்று கேள்வி. இதையெல்லாம் எண்ணிக்கொண்டே வெளியே பார்த்தால், ரோட்டோரம் அவர்களே நடந்து போகிறார்கள்! சட்டென்று சீட்டுக்குக் கீழே குனிந்துகொண்டேன்.

கண்ணாடியில் பார்த்த டிரைவர், "இன்னாக்கா, யாருக்கு ஒளியறீங்க? சம்பந்தி வீடா?" என்றார்.

"நீ ரோட்டப் பாத்து ஓட்டுப்பா. செருப்பு வாரு அறுந்துடுச்சு."

"அறுந்த செருப்பைக் கட்ட இவ்ளோ குனியணுமாக்கா? நம்ம நித்யா மேடம் குரூப்புதானே அது? எங்க வூட்டு ஃபேனை அவங்கதான் பாத்தாங்க. நிறுத்தட்டா, பேசிட்டு வரீங்களா?"

"நிறுத்துன, காசு குடுக்க மாட்டேன்."

குனிந்தபடியே ஓரக்கண்ணால் பார்த்தேன். எட்டுப் பேரும் செருப்பில்லாமல், தோளில் ஒரே மாதிரி காக்கித் துணியில் தைத்த டூல் பை. ஒருத்தி காலில் முள் எடுக்க நின்றாள். மற்ற ஏழு பேரும் தானாக நின்றார்கள். யாரும் யாரையும் "சீக்கிரம் வா" என்று சொல்லவில்லை. இவ்வளவுதான் பார்த்தேன். ஆட்டோ தாண்டிப் போய்விட்டது. என் டிபன் பாக்ஸ் பக்கத்து சீட்டில் இருந்தது.

அடி அண்ணாமலையில் ஏழே முக்காலுக்கு இறங்கினேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளி ஏழுமலை என்பவரின் ஜூஸ் கடை. அங்கேதான் இவர்கள் உட்காருவது. பக்கத்துக் கடையில் நான்கு இட்லி நாற்பது ரூபாய், சாம்பார் நன்றாக இருந்தது, சட்னி கம்மி. ஏழுமலை ரிப்பேருக்கு வந்த சாமான்களை வாசலில் பரப்பி வைத்துக் காத்திருந்தார். என் பையிலிருந்து எட்டிப் பார்த்த ஸ்க்ரூ டிரைவரைப் பார்த்துவிட்டு, "நீங்களும் அந்தப் பொண்ணுங்க ஆளுங்களாம்மா?" என்றார்.

"நான் அவங்களுக்கெல்லாம் சீனியர்ங்க."

"அப்படிங்களா? ஒருநாளும் பாத்ததில்லையே."

நல்ல மனுஷர், ஆனால் கேள்வி அதிகம்.

எட்டரை மணிக்கு வந்து சேர்ந்தார்கள். ஒத்திகை பார்த்த குரலை எடுத்தேன். "அடடே, நித்யா! நீ எங்கம்மா இங்க?"

"நாங்க மாசாமாசம் இங்கதான்க்கா. நீங்க?"

"கிரிவலம் வந்தேன். அப்படியே நடந்து வந்தேன், கால் வலிச்சுது, உக்காந்தேன்."

நித்யாவுக்குப் பின்னால் இருந்து ஒருத்தி எட்டி என் காலைப் பார்த்தாள். அவள் கோமதி. கீழ்பென்னாத்தூர்க்காரி, நாற்பது வயது, என் அளவுக்கு இல்லாவிட்டாலும் வாய் உள்ளவள். "கிரிவலம் செருப்போடயாக்கா? கால்ல ஒரு தூசுகூட இல்லையே. மலை உங்களைத் தூக்கினு வந்துச்சா?"

எட்டுப் பேரும் சிரித்தார்கள். போட்டோவில் சிரித்த அதே சிரிப்பு. சரி, உட்காருங்கள் என்றார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். "வாங்கக்கா, சேருங்க" என்று யாரும் கெஞ்சவில்லை. மரியாதையில் ஒரு குறையும் இல்லை. அதுதான் எரிச்சல்.

வேலை ஆரம்பித்தது. கோமதி ஃபேன் மெக்கானிக். அன்றைக்குத்தான் முதல் தடவையாக மிக்ஸியைத் திறக்கிறாள். ஏழுமலையின் மிக்ஸி விட்டு விட்டு ஓடுகிறது, கருகிய வாசனை. மற்ற ஏழு பேரும் சுற்றி நின்று பார்த்தார்கள், எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. இதென்ன, பள்ளிக்கூடத்தில் தண்டனை வாங்கினவர்கள் மாதிரி? நான் கட்டவில்லை.

கோளாறு எனக்குத் திறந்தவுடனே தெரிந்துவிட்டது. மோட்டாருக்குள் கார்பன் பிரஷ் என்று விரல் நுனி அளவில் ஒரு கரித்துண்டு இருக்கும், அது தேய்ந்து போயிருந்தது. கோமதியும் கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் புதியதைப் போட வரவில்லை. உள்ளே வைப்பாள், சின்ன ஸ்பிரிங் துள்ளி வெளியே விழும். தேடி எடுப்பாள், மறுபடி வைப்பாள், மறுபடி விழும். மூன்றாம் தடவை அது ஏழுமலையின் சர்க்கரை டப்பாவில் விழுந்தது. யாரும் அசையவில்லை. நித்யா மட்டும், "எந்தப் பக்கம் அழுத்தினா துள்ளுது, பாரு" என்றாள். சொன்னாளே ஒழிய கையை நீட்டவில்லை.

என்னால் முடியவில்லை. சத்தியமாக, நான் யோசித்துச் செய்யவில்லை. கை தானாகப் போனது. "தா இங்க" என்று கோமதி கையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரைப் பிடுங்கினேன். ஸ்பிரிங்கைக் கட்டை விரலால் அமுக்கி, பிரஷை உள்ளே தள்ளி, மூடி, திருகி, சுவிட்சைப் போட்டேன். இரண்டு நிமிடம். மிக்ஸி பாடிக்கொண்டு ஓடியது.

"சூப்பரும்மா!" என்று ஏழுமலை கை தட்டினார். நான் எட்டுப் பேரையும் பார்த்தேன், இப்போதாவது கெஞ்சுவார்கள் என்று. ஒருத்தர் முகமும் சரியில்லை. கோமதி எழுந்து போய்க் குழாயில் கை கழுவினாள். வேலையே செய்யாத கையை ரொம்ப நேரம் கழுவினாள்.

நித்யா மெதுவாகச் சொன்னாள். "அக்கா, இங்க யாரும் யார் கையில இருந்தும் புடுங்க மாட்டோம். அதுக்குத்தான் கையப் பின்னாடி கட்டிக்கிறது."

"நான் உதவிதானேம்மா பண்ணேன்."

"சங்கத்துல எங்களுக்கும் இந்த உதவிதான் பண்ணாங்க. நாங்க எதைத் திறந்தாலும் பின்னாடில இருந்து ஒரு கை வரும். 'தள்ளும்மா, நான் பாக்கறேன்'னு. உங்களுக்கு வந்ததில்லையாக்கா?"

வந்திருக்கிறது. முதல் நான்கு வருடம் சங்கத்துப் பயிற்சி வகுப்பில் நான் ஒரு மோட்டாரைக்கூட முழுசாக மூடினதில்லை. அதனால்தான் கேட்பதை நிறுத்தினேன். திணறினால் கை வந்துவிடும் என்று, தெரிந்ததை மட்டும் எல்லார் முன்பும் செய்வேன். அன்றைக்கு அந்தக் கை எனக்கே முளைத்திருந்தது. இதை அங்கே சொல்லவில்லை. "ஏதோ ஒன்னு ரெண்டு தடவை" என்றேன்.

"இங்க ஒரு வழக்கம் இருக்குக்கா," என்றாள் நித்யா. "யாராவது புடுங்கிச் செஞ்சா, அவங்களே திரும்பப் பிரிச்சு, பழையபடி கெடுத்துக் குடுத்துடணும்."

"ஓடுறதையா?"

"ஓடுறதைத்தான்."

போய்விடலாம் என்று நினைத்தேன். ரோட்டில் ஏதோ ஒரு ஆட்டோ நின்றுகொண்டுதான் இருந்தது. போயிருந்தால் போளூரில் நான் இன்னமும் மகாலட்சுமி. ஆனால் போட்டோவில் ஏன் சிரித்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. உட்கார்ந்து மிக்ஸியைக் கவிழ்த்தேன். திருகு ஒவ்வொன்றாகக் கழற்றினேன். ஏழுமலைக்கு உயிரே போய்விட்டது.

"அம்மா, அம்மா! ஓடுதும்மா அது! ஓடுறதை ஏம்மா பிரிக்கிறீங்க? உங்களுக்கு நான் இன்னா பாவம் பண்ணேன்?"

"அண்ணா, செத்த சும்மா இருங்க," என்றேன், "நானே அழுகிற நெலமையில இருக்கேன்."

புதிய பிரஷை வெளியே எடுத்து, தேய்ந்த பழையதை உள்ளே வைத்து, ஸ்பிரிங்கைத் தனியாகக் கோமதி கையில் கொடுத்தேன். இருபது வருடத் தொழிலில் ஒரு சாமானை வேண்டுமென்றே கெடுத்தது அதுதான் முதல் தடவை. கெடுக்கவும் இரண்டு நிமிடம்தான் ஆனது.

கோமதி திரும்ப உட்கார்ந்தாள். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். முக்கால் மணி நேரம். சும்மா நிற்பதில் என்ன கஷ்டம் என்று கேட்பவர்கள், தெரிந்த வேலையை இன்னொருத்தி தப்பாகச் செய்வதை ஒரு தடவை நின்று பாருங்கள். என் வலது கையை என் இடது கை பிடித்துக்கொண்டிருந்தது, நகம் பதிந்துவிட்டது. ஸ்பிரிங் இன்னும் ஐந்து தடவை துள்ளியது. ஒரு தடவை என் நெற்றியில் பட்டது. அப்போதும் நான் குனிந்து எடுக்கவில்லை. கடைசியில் கோமதி ஸ்பிரிங்கை விரலால் அமுக்காமல், தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை உருவி அதால் தாங்கிக்கொண்டு பிரஷைச் சொருகினாள். நான் அப்படிச் செய்ததே இல்லை. மிக்ஸி ஓடியது. நான் ஓட்டியபோது ஓடியதைவிட ஒன்றும் நன்றாக ஓடவில்லை. ஆனால் கோமதி முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

யாரும் கை தட்டவில்லை. சரி செய்தவளுக்கு அந்த மிக்ஸியில் அடித்த முதல் ஜூஸ், அதுதான் வழக்கம். ஏழுமலை சப்போட்டா ஜூஸ் அடித்து கோமதியிடம் நீட்டினார். அவள் சுவரில் சாய்ந்து மெதுவாக, ரசித்துக் குடித்தாள். எனக்கு வந்த பொறாமையை என்னவென்று சொல்ல? இருபது வருடத்தில் எனக்கு யாரும் ஜூஸ் கொடுத்ததில்லை. விளக்குதான் கொடுத்தார்கள்.

அந்த நேரத்தில் வாய் தானாகத் திறந்தது. "நித்யா, என்னையும் சேத்துக்கம்மா."

கேட்டே விட்டேன். மலை இடிந்து விழவில்லை.

"சேரலாம்க்கா. புதுசா வரவங்க எல்லார் முன்னாடியும் தனக்குத் தெரியாத ஒன்னைக் கேக்கணும். அவ்ளோதான்."

"சரி. இந்த கிரைண்டருக்கு எந்த கெபாசிட்டர் போடறது?"

கோமதி ஜூஸை இறக்கினாள். "யக்கா, அது உங்களுக்குத் தூக்கத்துல தெரியும். தெரியாததைக் கேளுங்க."

இந்தப் பெண்களிடம் ஏமாற்ற முடியாது. மூச்சை இழுத்துக்கொண்டு சொன்னேன். "ரிமோட் ஃபேன். உள்ள போர்டு வெச்சு வருதே, அது எனக்குத் தெரியாது. கடைக்கு வந்தா, கம்பெனிக்குத்தான் அனுப்பணும்னு சொல்லித் திருப்பி அனுப்பறேன். வர வர அதுதான் ஜாஸ்தி வருது. இந்த வெயில் காலத்தை எப்படி ஓட்டப்போறேன்னு தெரியலை."

இதை என் வீட்டுக்காரரிடம்கூடச் சொன்னதில்லை. யாராவது "அய்யோ பாவம்" என்று சொல்லியிருந்தால் எழுந்து போயிருப்பேன். யாரும் சொல்லவில்லை. கெஸ்ட் ஹவுஸில் கழற்றின ஒரு ரிமோட் ஃபேனை நித்யா சாக்குப்பையிலிருந்து எடுத்து என் முன்னால் வைத்தாள். கோமதி எதிரே வந்து நின்று, நிதானமாகக் கையைப் பின்னால் கட்டினாள். "பண்ணுங்கக்கா. நான் பொறுமையா பாக்கறேன்." அவ்வளவு சந்தோஷமாக ஒருத்தி பொறுமையாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஒன்றேகால் மணி நேரம் வியர்த்தேன். கையைத்தான் கட்டியிருந்தார்கள், வாயை இல்லை. கேட்டதற்குப் பதில் சொன்னார்கள். போர்டிலிருந்து காயிலுக்கு மூன்று வயர் போகிறது. இரண்டிரண்டாக மீட்டர் வைத்துப் பார்த்தால் மூன்று தடவையும் ஒரே அளவு காட்ட வேண்டும். காட்டினால் காயில் நல்லது, கோளாறு போர்டில். காயிலா? அது என் வீட்டுப் பிள்ளை ஆயிற்றே என்று கொஞ்சம் தைரியம் வந்தது. போர்டில் கருகிய ஒரு சின்னப் பொருளை எடுத்துவிட்டு வேறு வைத்தேன், சூட்டில் இரண்டு விரல் பொசுங்கியது. வயர்களைத் திரும்பச் சேர்த்துப் போட்டேன். ஃபேன் சுற்றியது, தலைகீழாக. காற்று வரவே இல்லை.

எட்டு முகமும் ஒன்றும் தெரியாததுபோல் மலையைப் பார்த்தன. கோமதி உதட்டைக் கடித்துக்கொண்டாள். தண்ணி மோட்டாரில் இப்படித் தலைகீழாகச் சுற்றினால் மூன்று வயரில் இரண்டை மாற்றிப் போடுவோம். இங்கேயும் மூன்று வயர்தானே? மாற்றினேன். நேராகச் சுற்றியது. ஏழுமலை கேட்காமலே இன்னொரு சப்போட்டாவை உரிக்க ஆரம்பித்தார். அந்த ஜூஸுக்கு அவர் காசு வாங்கவில்லை. உங்களுக்கு நாற்பது ரூபாய்.

மூன்று மணிக்கு வெயில் தாழ்ந்ததும் மீதிச் சுற்றை அவர்களோடு நடந்தேன். செருப்பு பைக்குள் போனது. வழியெல்லாம் பேச்சு, பாதிக்கு மேல் எனக்குப் புரியாத பழைய சங்கதிகள். "அன்னிக்கு செங்கத்துல நாய் துரத்துச்சே" என்பாள் ஒருத்தி, ஏழு பேர் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். நான் கொஞ்சம் தாமதமாகச் சிரித்து வைப்பேன். எனக்குத் தெரியாத இரண்டு வருடச் சிரிப்பு அவர்களிடம் இருக்கிறது. சேர்ந்துவிட்டால் பொறாமை போய்விடும் என்று நினைத்திருந்தேன். போகவில்லை, இடம்தான் மாறியது. என் இரண்டு நிமிட வித்தை கிடக்கட்டும், கோமதிக்குக் கிடைத்த அந்த முக்கால் மணி நேரம் எனக்கும் இருபது வருடம் முன்பே கிடைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது. அதை யாரிடம் போய்க் கேட்பது? கால் எரிந்து நின்றபோது திரும்பிப் பார்த்தேன், எட்டுப் பேரும் நின்றிருந்தார்கள்.

நீங்கள் போவதானால் சில விஷயங்கள். பௌர்ணமி அன்றுதான் போக வேண்டும் என்று இல்லாதவர்கள் அதற்கு முந்தின ஞாயிறு போங்கள். பாதை காலியாக இருக்கும், கடைக்காரர்கள் பேச்சுக் கொடுப்பார்கள். காலை ஆறு மணிக்கு நடையை ஆரம்பித்தால் பத்துக்குள் முடிக்கலாம், வெயில் ஏறினால் தார் ரோடு காலைப் பதம் பார்க்கும். ஆட்டோவுக்கு ஏறுவதற்கு முன்பே பேசிக்கொள்ளுங்கள். எனக்கு ஆட்டோ, பஸ், சாப்பாடு எல்லாம் சேர்த்து முந்நூற்றைம்பதுக்குள் முடிந்தது. தொழில் செய்கிற பெண்கள் யாராவது இதைப் படித்தால், உங்கள் ஊரில் இந்த மாதிரிக் கூட்டம் இருந்தால், முதல் தடவை கூப்பிடும்போதே போய்விடுங்கள். என்னைப்போல் ஆட்டோ வைத்துத் துரத்த வேண்டியிருக்காது.

ஐந்தரைக்கு வேலூர் பஸ்ஸில் ஏறினேன். அதுவும் போளூர் வழிதான். பஸ் கிளம்பும்போதே போன் சத்தம் போட்டது, நித்யா என்னை வாட்ஸ்அப்பில் சேர்த்துவிட்டாள். கோமதி அதில் பழைய போட்டோக்களையும், செங்கத்து நாய்க் கதையையும், இரண்டு வருடக் கதையையும் ஒவ்வொன்றாக எனக்காக மறுபடி அனுப்பிக்கொண்டிருந்தாள். நான் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன், நேரம் எடுக்கும். நாய்க் கதை நீளமாக இருந்தது, முடிவு நன்றாக இருந்தது. தலையைத் தூக்கியபோது பஸ் போளூரைத் தாண்டி இருபத்தைந்து கிலோமீட்டர் வந்திருந்தது. கண்டக்டர் மிச்ச தூரத்துக்கு டிக்கெட் எடுக்கச் சொன்னார், எடுத்தேன். கண்ணமங்கலத்தில் இறங்கினேன். அங்கே டீ பன்னிரண்டு ரூபாய், சர்க்கரை ஜாஸ்தி.